கழுவிய நாற்று

அந்தச் சித்திரையில் குள்ளம்மாளுக்கு வாய் ஓயவில்லை. தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தவர்கள், ஆடு ஓட்டிப் போனவர்கள், காரிமங்கலம் சந்தைக்குப் பஸ் ஏற நின்றவர்கள் என்று யாரையும் அவள் விடவில்லை. எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்விதான்.

"நின்ன பயிருக்குத் தண்ணி காட்டாம சாவடிக்கிற பொம்பளைய எங்கனாப் பாத்திருக்கீங்களா? எங்க வூட்டுப் பக்கம் வந்து பாருங்க."

அவள் சொன்னது ஓரகத்தி அமுதவல்லியின் சோளக்குழியை. அமுதவல்லி தன் வீட்டுக்குப் பின்புறம் ஆள் நீளத்துக்குக் குழி வெட்டி, அடியில் பழைய தார்ப்பாயை விரித்து, மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, பயிற்சிக்குப் போன இடத்தில் கொடுத்த ஏதோ ஒரு பொடியைத் தூவி, அதன்மேல் மக்காச்சோளம் ஊன்றியிருந்தாள். அரிசி களைந்த தண்ணீர், காய் அலசிய தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குத்தான் போயின. சோளம் தழதழவென்று வந்தது. பால் பிடித்ததும் சுட்டுத் தின்ன நமக்கும் இரண்டு கதிர் வரும் என்று குள்ளம்மாள் நாக்கைத் தீட்டிக்கொண்டிருந்த சமயத்தில், அமுதவல்லி தண்ணீரை நிறுத்திவிட்டாள். சோளம் நின்ற நிலையில் காய்ந்தது. தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டாள். வேரை மண்ணோடு தோண்டி எடுத்து, நிழலில் உட்கார்ந்து அரிவாள்மணையில் பொடிப்பொடியாக நறுக்கினாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த குள்ளம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"கதிர வுட்டுட்டு வேர நறுக்கறியே, கொழம்பு வெக்கப் போறியா?"

"இல்லீங்கக்கா. நாத்தங்காலுக்குங்க."

"வேரு போட்டா நாத்து மொளைக்குமா?"

"வேருக்குள்ள ஒண்ணு இருக்குதுங்க. வேர் உட்பூசணம்னு சொல்றாங்க. கண்ணுக்குத் தெரியாது. அது கேவுரு வேருல பூந்துக்கிச்சின்னா, வேரு போவாத எடத்துக்கெல்லாம் நூலு வுட்டு ஈரத்த இழுத்தாந்து குடுக்குமாம். மழை தள்ளிப் போனாலும் பயிரு தாக்குப் புடிக்குமாங்க."

"பூசணமா? ஊறுகாயில பூத்தா சாடியோட தூக்கி எறியறோம். நீ குழி வெட்டி வளக்கறியாக்கும்?"

அமுதவல்லி சிரித்தாள். அவள் சிரித்துவிட்டால் மேற்கொண்டு சண்டை நடக்காது. குள்ளம்மாளுக்கு அவளிடம் பிடிக்காத குணங்களில் இதுதான் முதலாவது.

இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். மூத்தவன் மாயவன் குள்ளம்மாளின் புருஷன். இளையவன் அர்ச்சுனன் அமுதவல்லியின் புருஷன், கொத்தனார். பாகம் பிரித்தபோது சாலையோரம் மூத்தவனுக்கும் மேட்டுப்பக்கம் இளையவனுக்கும் வந்தது. நடுவில் ஒரு வரப்பு. மாயவன் நிலத்தில் போட்ட போரில் இன்றைக்கும் சிறுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் வருகிறது, அதைக் கொண்டு தக்காளி வைக்கிறார்கள். அர்ச்சுனன் போட்ட போரில் முதல் வருஷம் தண்ணீர் வந்தது, அடுத்த வருஷம் காற்று வந்தது, அதற்கடுத்த வருஷம் அதுவும் வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனார்கள். அவன் சுவர் கட்ட, அவள் செங்கல் சுமந்தாள்.

போன தையில் பொங்கலுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. "செங்கல்லு நான் சொமந்தாலும் செங்கல்லு, சொமக்காட்டியும் செங்கல்லு. ஒரு வெதையச் சொமந்தா அது என்னையப் பாத்து மொளைக்கவாச்சும் செய்யும்" என்று சொல்லிவிட்டாள். அர்ச்சுனன் கெஞ்சிப் பார்த்தான், கத்திப் பார்த்தான். கடைசியில் ஒரு வெள்ளாமைக்குத் தவணை கொடுத்தான். மானாவாரிக் கொல்லையில் இந்த ஆடிக்கு நடும் கேழ்வரகு வீட்டுக்கு வந்தால் அவள் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் மறுபேச்சில்லாமல் அவனோடு பஸ் ஏறவேண்டும். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த ஏற்பாடு குள்ளம்மாள் வீட்டில் நல்ல வரவேற்பைப் பெற்றது. நடுவரப்பை எடுத்துவிட்டு ஒரே பட்டையாகத் தக்காளி போடலாம் என்று மாயவன் சாப்பிடும்போதெல்லாம் சொன்னான். குள்ளம்மாளும் களி உருண்டையை அவன் தட்டில் வைத்துக்கொண்டே, "பாவம், எப்படியும் வராது" என்றாள். பாவம் என்று அவள் சொன்னதில் பாதி உண்மை. இன்னொரு பாதியை அவளே அப்போது அறியமாட்டாள்.

ஆனியில் அமுதவல்லி நாற்றங்கால் போட்டாள். விதைக் கேழ்வரகு குள்ளம்மாள் வீட்டிலிருந்துதான் போயிற்று. தன் மானாவாரித் துண்டுக்கு எந்த விதையை வைத்திருந்தாளோ அதே விதையை முறத்தில் அள்ளிக் கொடுத்தாள். வாய்தான் அப்படி, கை அப்படியில்லை அவளுக்கு. நறுக்கிய வேரையும் குழி மண்ணையும் கொல்லை முழுக்கப் போட்டால் காணாது என்பதால், அத்தனையையும் நாற்றங்காலிலேயே ஒரு படுகையாகப் பரப்பி, அதன்மேல் விதைத்தாள் அமுதவல்லி. முளைத்த நாள் முதல் வேர் அதற்குள்ளேயே ஓடட்டும் என்பது யோசனை. உரம் போடவில்லை. தொழுவுரம் மட்டும் கொஞ்சம். குள்ளம்மாள் தன் நாற்றங்காலுக்கு வழக்கம்போல மூட்டை உரத்தை அள்ளி வீசினாள். அவளுடைய நாற்று கரும்பச்சையாக நின்றது, அமுதவல்லியுடையது இளம்பச்சையாக நின்றது. குள்ளம்மாள் அதை ஊருக்குச் சொல்ல மறக்கவில்லை.

ஆடிக் கடைசியில் இரண்டு மழை விழுந்தது. நடவுக்கு நாள் குறித்தார்கள்.

அந்தப் பக்கத்தில் நடவுக்குக் கூலி ஆள் தேடுவதில்லை. இன்றைக்கு உன் கொல்லை, நாளைக்கு என் கொல்லை என்று மாற்றாளாகப் போய்க்கொள்வார்கள். அந்தக் குடும்பத்தில் இன்னொரு முறையும் உண்டு. யார் நாற்றங்காலாக இருந்தாலும் முதல் பிடி பிடுங்குகிறவள் மூத்த மருமகள்தான். குள்ளம்மாள் வந்த வருஷத்திலிருந்து அது அவள் உரிமை. அவள் நாற்றுப் பிடுங்குவதைப் பார்க்கத் தனியாக ஆள் வரலாம். இரண்டு கையிலும் சேர்த்து இழுத்து, குதிகாலைத் தூக்கி அதில் இரண்டு தட்டு, தொட்டித் தண்ணீரில் இரண்டு அலசு, ஒரே சுற்றில் ஒரு முடிச்சு. அவள் கட்டிய நாற்றுமுடியில் மண் ஒரு பொட்டு இருக்காது. வேர் வெள்ளிக் கம்பியாகத் தொங்கும். சுமக்கிறவளுக்குப் பாரமில்லை, நடுகிறவளுக்கு விரலில் சேறில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில்கூட "குள்ளம்மா முடி" என்றால் தெரியும்.

நடவுக்கு முதல் நாள் சாயங்காலம் அமுதவல்லி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். "நாத்தத் தட்ட வேணாங்க, அலச வேணாங்க. மண்ணோட பேத்துக் கூடையில அடுக்கிக்கலாம்." வேலைக்கு வருகிற எல்லோரிடமும் சொன்னாள். ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை. நாற்றுப் பிடுங்குவது எப்படி என்று குள்ளம்மாளிடம் போய் எந்த வாயால் சொல்வது? இளையவள் மூத்தவளுக்கு, அதுவும் அந்த ஒரு வேலையில்! வாசல் வரைக்கும் போனாள். குள்ளம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்னா?" என்றாள். "ஒண்ணுமில்லீங்கக்கா, காலையில வந்துருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். முதல் பிடியை அக்கா பிடுங்கட்டும், மற்றதை நாங்கள் மண்ணோடு எடுத்துக்கொள்வோம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

குள்ளம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? தனி ஆளாக இந்தப் பெண் என்ன பாடுபடும் என்று நினைத்து, கிழக்கு வெளுக்கும்போதே கொல்லைக்கு வந்து, மற்றவர்கள் வருவதற்குள் நாற்றங்கால் மொத்தத்தையும் பிடுங்கி முடித்துவிட்டாள். தட்டினாள், அலசினாள், முடிந்தாள். வழக்கத்தைவிட ஒரு அலசு கூடவே அலசினாள். தங்கச்சி வீட்டு நாற்று, நாலு பேர் பார்க்கப் போகிற நாற்று.

அமுதவல்லி இடுப்பில் கூடைகளோடும், நடவுக்கு வந்த ராமக்காளோடும் மற்றவர்களோடும் வந்தபோது வரப்பு நெடுக முடிகள் வெள்ளை வேரைக் காட்டிக்கொண்டு வரிசையாக இருந்தன. தொட்டித் தண்ணீர் செம்மண் கூழாகக் கலங்கியிருந்தது. அமுதவல்லி கூடையை இறக்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள். வேரைப் பார்த்தாள். பிறகுதான் குள்ளம்மாளைப் பார்த்தாள்.

"நல்லாப் புடுங்கியிருக்கீங்கக்கா" என்றாள்.

சொல் சரியாகத்தான் இருந்தது. முகம் சாவு வீட்டு முகமாக இருந்தது. குள்ளம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதைவிட விளங்காதது, அதற்குப் பிறகு அவள் செய்த காரியம். மற்றவர்கள் நட நட, அமுதவல்லி அந்தத் தொட்டிச் சேற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மொண்டு வந்து, நட்ட வரிசையில் ஒவ்வொரு நாற்றின் காலடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போனாள். தொட்டியின் அடியில் படிந்த வண்டலைக்கூட விடவில்லை, கையால் வழித்து எடுத்துப் போனாள்.

மத்தியானம் புங்க மரத்தடியில் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடும்போதுதான் ராமக்காள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். ராமக்காள் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எந்தப் பாஷையிலும் ஒளித்துப் பேசத் தெரியாதவள்.

"என்னாமே குள்ளம்மா, இப்படிப் பண்ணிட்ட? அந்தப் பொண்ணு குழி வெட்டி மாசக்கணக்கா வளத்ததெல்லாம் அந்த மண்ணுலதான இருந்துச்சு. எங்ககிட்டல்லாம் நேத்தே சொல்லுச்சு, மண்ணோட எடுங்கன்னு. நீ வெள்ளாவி வெச்ச மாதிரி வெளுத்து வெச்சிருக்க."

"எங்கிட்டச் சொல்லலியே!"

"உங்கிட்ட யாரு சொல்லுவா? நாத்துப் புடுங்கறதப் பத்தி?"

குள்ளம்மாள் கையில் இருந்த களி உருண்டை அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் திரும்பினாள். அமுதவல்லி வெயிலில் குடத்தோடு நடந்துகொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மூத்தவள் இளையவளிடம் கேட்பதும் அந்த வீட்டில் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் யாரும் கூப்பிடாமலே போய், வாடிச் சாய்ந்த நாற்றுக்குப் பதிலாக மிச்ச முடியிலிருந்து நாற்று ஊன்றினாள். களை வந்தபோது அமுதவல்லிக்கு முன்னால் அவள் களைக்கொட்டோடு நின்றாள். சோளக்குழிப் பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். குள்ளம்மாளுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு பேர் மாயவனிடம் விசாரித்தார்கள்.

ஆவணியில் மழை ஏமாற்றியது. தினமும் மத்தியானத்துக்கு மேல் மேகம் மேற்கே கூடும். இதோ இதோ என்று இருட்டும். ஒரு காற்று அடித்து அத்தனையையும் கர்நாடகாவுக்கே தள்ளிக்கொண்டு போய்விடும். கொல்லை மண் பாளம் பாளமாக வெடித்தது. புரட்டாசி பிறந்தபோது ஊரைச் சுற்றி இருந்த மானாவாரிக் கேழ்வரகு எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. டேங்கர் தண்ணீர் வண்டி வாரத்துக்கு ஒருமுறை வந்தது, பெண்கள் அதற்குச் சண்டை போட்டார்கள்.

குள்ளம்மாள் தக்காளிக்குத் தண்ணீர் கட்டப் போகும்போதெல்லாம் வரப்பில் நின்று அந்தப் பக்கம் பார்ப்பாள். முதலில் பயந்துகொண்டே பார்த்தாள். நான் கழுவிய கழுவலில் இது முதலில் சாகும் என்று நினைத்தாள். நாளாக ஆக அவளுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் அவளுடைய மானாவாரித் துண்டு. காலை வெயில் ஏறுவதற்குள் இலை சுருண்டு ஊசியாகிவிடும், பொழுது சாய்ந்தாலும் விரியாது. வரப்புக்கு அந்தப் பக்கம் அமுதவல்லியின் பயிர். குட்டைதான். பூரிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உச்சி வெயில் வரைக்கும் இலை விரிந்தே நிற்கும். பிறகு சுருளும், சாயங்காலம் மறுபடி விரிந்துகொள்ளும். விதை ஒன்று. நட்ட வாரம் ஒன்று. இடையில் ஒரு முழ வரப்பு.

இவள் திருட்டுத்தனமாக எங்கள் போர்த் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிறாள் என்று தோன்றியதும் குள்ளம்மாளுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் இறங்கி, ஒரு பயிரின் காலடியில் விரலை விட்டுத் தோண்டினாள். விரல் போகிற ஆழம் வரைக்கும் புழுதி. நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தாள். நாலிலும் புழுதிதான். ஒரு பயிரைப் பிடுங்கப் பார்த்தாள். அவ்வளவு பேர் வாங்கிய கைக்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. களைக்கொட்டால் நெம்பி எடுத்தபோது வேரோடு ஒரு கை மண்ணும் சேர்ந்து வந்தது. உதறினாள், உதிரவில்லை. ஏதோ கண்ணுக்குத் தெரியாத நூலால் கட்டிப்போட்டதுபோல மண் வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

அதை அப்படியே கையில் தூக்கிக்கொண்டு அமுதவல்லி வீட்டுக்குப் போனாள். அமுதவல்லி அடுப்பில் களிக்கு மாவு போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏமே, இது என்னா?"

அமுதவல்லி பயிரைப் பார்த்துப் பதறினாள். "ஏங்கக்கா பேத்தீங்க?"

"பேத்ததக் கேக்காத. நான்தான் அன்னைக்கு எல்லாத்தயும் கழுவிட்டனே. அப்பறம் எப்படி இது இருக்குது?"

"உங்களுக்கு... தெரியுங்களா?"

"ராமக்கா சொல்லிட்டா. அன்னைக்கே சொல்லிட்டா. நீ ஏண்டி சொல்லல? கழுவாதக்கான்னு ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த! சொன்னா நான் உன்னத் தின்னுருவனா? ஆவணி பூரா எனக்குச் சோறு எறங்கல தெரியுமா?"

"உங்களுக்குப் போயி நாத்துப் புடுங்கச் சொல்லித் தர்றதுங்களா? எனக்கு என்னங்கக்கா தகுதி?" அமுதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் தெரியலீங்க, இது எப்படி நிக்குதுன்னு. பயிற்சி குடுத்த மேடத்துக்குப் போன் பண்ணுனேன். வேரைக் கொண்டாங்க, பாத்துச் சொல்றேன்னாங்க. போறதுக்குத்தான் பயமா இருக்குது. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"எங்க இருக்கறா அந்தம்மா?"

"பாப்பாரப்பட்டிங்க."

"களிய எறக்கு. கெளம்பு."

கிளம்புவதற்கு முன் குள்ளம்மாள் தன் கொல்லையிலிருந்தும் ஒரு பயிரைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டையும் ஈரத்துணியில் தனித்தனியாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓரகத்திகள் இரண்டு பேரும் தர்மபுரிக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து பாப்பாரப்பட்டிக்கு மாறினார்கள். குள்ளம்மாள் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். இருபுறமும் கேழ்வரகு எரிந்து கிடந்தது. அமுதவல்லியோடு இத்தனை வருஷத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

வெண்மதி என்ற அந்த மேடத்துக்கு முப்பது வயது இருக்கும். வேரை நுனி நுனியாக நறுக்கி, ஏதோ மருந்தில் சுடவைத்து, நீல மையில் ஊறப்போட்டாள். நேரம் ஆகும், சாப்பிட்டு வாருங்கள் என்றாள். இவர்கள் நகரவில்லை. கடைசியில் நுண்ணோக்கியில் வைத்து, "வாங்கம்மா, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க" என்றாள்.

முதலில் குள்ளம்மாள்தான் குனிந்தாள். அவளுக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வரவில்லை, முந்தானையால் பொத்திக்கொண்டாள். வேர் கண்ணாடிக் குழாய்போலத் தெரிந்தது. அதற்குள்ளே நீலநிற நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அங்கங்கே சிறு சிறு முட்டைகள். சில இடத்தில் நூல் கிளைவிட்டு, குட்டிச் செடி ஒன்று வேருக்குள் முளைத்து நிற்பதுபோல இருந்தது.

"இது யாருது?"

"அமுதவல்லிக்காவோட வேருங்க. இப்ப மாத்தி வைக்கிறேன். இது உங்களுது."

குள்ளம்மாள் பார்த்தாள். குழாய் இருந்தது. எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு நூல் துண்டு.

"எனக்கு ஏன் இல்ல?"

"கொஞ்சம் எல்லா மண்ணுலயும் இருக்கும்மா. மூட்டை உரம் நிறையப் போட்டா பயிருக்கு அதோட தேவை இல்லாமப் போயிரும், சேத்துக்காது."

"நான் நாத்த அலசு அலசுன்னு அலசினேன், தாயி. இது எப்படிப் போவாம இருந்துச்சு?"

"நாத்தங்கால்லயே வேருக்குள்ள போயிருச்சும்மா. வெளிய இருந்த நூலு அறுந்திருக்கும். உள்ள இருந்தது அப்படியேதான் இருக்கும். நட்டதும் அதுலருந்து மறுபடி நூலு விட்டிருக்கு. உள்ள போனத எப்படிக் கழுவ முடியும்?"

அமுதவல்லி சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. குள்ளம்மாள் மறுபடி அமுதவல்லியின் வேரை வைக்கச் சொல்லிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கூலி இல்லை, கூப்பிட்ட ஆள் இல்லை. மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இத்தனை நூல் நூற்று ஒரு கேழ்வரகுப் பயிருக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருக்கிறது. இதை அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வளர்த்தவள் தன் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ஊர் பூராவும் போய் அவளைக் கேலி பேசினேனே என்று குள்ளம்மாள் நினைத்தாள். எப்பேர்ப்பட்ட பொம்பளை இவள்!

அந்த வாரக் கடைசியில் அர்ச்சுனன் பெங்களூரிலிருந்து வந்தான். வரும் வழியெல்லாம் எரிந்த கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவன், தன் கொல்லைக்குப் போகாமலே முடிவுக்கு வந்திருந்தான். "ரூம் பாத்துட்டேன். ஆயுத பூஜை ஆச்சுன்னா கெளம்பறோம்" என்றான். அமுதவல்லி எதிர்த்துப் பேசவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான், கதிர் இன்னும் வெளிவரவில்லை, மேகத்தையும் காணோம். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் மாயவன், வரப்பை எடுப்பதற்கு டிராக்டர்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

குள்ளம்மாள் இரண்டு பேச்சையும் கேட்டாள். வேலியைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டியே வந்தாள்.

"அர்ச்சுனா, எந்திரி. கொல்லைக்கு வா."

"வெயிலு கொளுத்துது அண்ணி. சாயங்காலம் வரேன்."

"வெயில்லதான் பாக்கணும். எந்திரி. யோவ், நீயும் வா" என்று புருஷனையும் இழுத்தாள்.

உச்சிப் பொழுதில் இரண்டு ஆண்பிள்ளைகளையும் நடுவரப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். தான் தன் துண்டுக்குள் இறங்கி, சருகாய்ப் போன பயிர் ஒன்றை முறித்தாள். அது அப்பளமாக நொறுங்கியது.

"இது என்னுது. அதோ அது உன் பொண்டாட்டியோடது. வெதை நான் குடுத்தது. மழையும் ஒண்ணுதான், பெய்யாத மழையும் ஒண்ணுதான். எலையப் பாரு ரெண்டு பக்கமும். நல்லாக் குனிஞ்சு பாரு. உங்கண்ணனுக்கு வரப்ப எடுக்கணுமாம், என்னா ஆச. எடுத்துப்புட்டு இந்தப் பக்கத்து லட்சணத்த அந்தப் பக்கமும் கொண்டுபோவப் போறாரா?"

"நம்ம கொல்லைய நாமளே இப்படிப் பேசறதா?" என்று மாயவன் முணுமுணுத்தான்.

"காஞ்சத காஞ்சதுன்னுதான் சொல்லணும். நீ சும்மா இரு." அர்ச்சுனன் பக்கம் திரும்பினாள். "ஒரு மழை. ஒண்ணே ஒண்ணு பேஞ்சா இது கதிரு தள்ளும். அதுவரைக்கும் எந்திரிச்சு நிக்கற தெம்ப அவ இதுக்குக் குடுத்துட்டா. அவளக் கூட்டிக்கிட்டுப் போயி செங்கல்லுச் சொமக்க வெக்கப் போறியா நீ? போறதுன்னா நீ மட்டும் போ. அவ இங்க இருக்கட்டும். அவ இல்லாம எனக்கு..."

அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. அர்ச்சுனன் வரப்பிலிருந்து தன் பக்கம் இறங்கினான். ஒரு பயிரின் இலையை உள்ளங்கையில் வைத்துத் தடவிப் பார்த்தான். கொத்தனார் கை, அதற்குச் சுவரின் ஈரம் தெரியும்.

"ஜில்லுனு இருக்குது" என்றான்.

அவன் அந்த முறை தனியாகத்தான் பஸ் ஏறினான்.

புரட்டாசிக் கடைசியில் மழை வந்தது. பெரிய மழையில்லை, வெடிப்பு மூடுகிற அளவுக்கு ஒன்றும், அதன் தொடர்ச்சியாக ஒரு தூறலும். ஊரில் பல கொல்லைகளுக்கு அது பிணத்துக்குப் போட்ட மாலைதான். குள்ளம்மாளின் துண்டும் அதில் சேர்த்தி, அறுத்து மாட்டுக்குப் போட்டாள். அமுதவல்லியின் கொல்லை கதிர் தள்ளியது. அமோகம் என்று சொல்லமுடியாது. கதிர் சிறியதுதான், விரல்கள் பாதி மூடியதுதான். ஆனால் வருஷத்துக்குக் களிக்கும் கூழுக்கும் ஆயிற்று, சந்தைக்கும் கொஞ்சம் போயிற்று. அறுவடைக்கு வந்த அர்ச்சுனன் களத்தில் கேழ்வரகைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தான். பொங்கலுக்குப் பிறகு அவன் காரிமங்கலத்திலேயே வேலைக்குப் போனான்.

மாசியில் குள்ளம்மாள் வீட்டுப் பின்புறமும் ஒரு குழி வந்தது. வெட்டியது அர்ச்சுனன், மூலை மட்டம் பார்த்து வெட்டினான். சோளம் பால் பிடிக்கிற சமயம் வந்ததும் தண்ணீரை நிறுத்தச் சொன்னாள் அமுதவல்லி. குள்ளம்மாளுக்கு மனசு வரவில்லை. யாரும் பார்க்காதபோது ஒரு சொம்பு ஊற்றி வைத்தாள். "குழி ஈரமா இருக்குதே அக்கா?" என்று அமுதவல்லி கேட்டபோது, பனி பெய்திருக்கும், நாய் போயிருக்கும் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். தட்டையை அறுக்கிற அன்றைக்கு இரண்டு கதிர் கணக்கில் குறைந்திருந்ததையும் அமுதவல்லி பார்த்தாள். கேட்கவில்லை, சிரித்தாள். இந்த முறை குள்ளம்மாளும் சிரித்துவிட்டாள்.

ஆடி வந்தது, மழையும் வந்தது. குள்ளம்மாளின் நாற்றங்காலில் நடவு ஆட்கள் கூடினார்கள். இளம்பச்சை நாற்று. தொட்டியில் அன்றைக்குத் தண்ணீரே விட்டிருக்கவில்லை. கூடைகள் வரப்பில் காத்திருந்தன.

"மொதப் புடி நீங்கக்கா" என்றாள் அமுதவல்லி.

குள்ளம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு நாற்றங்காலுக்குள் இறங்கினாள். குனிந்தாள். கையை நாற்றின்மேல் வைத்தவள், எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எப்படிப் புடுங்கணும்? சொல்லு."

அமுதவல்லி ராமக்காளைப் பார்த்தாள். ராமக்காள் வானத்தைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கா..."

"அட, சொல்லுமே. போன வருசம் நீ சொல்லாம வுட்டு நான் பட்டது போதும். நாலு பேரு கேக்கறாப்ல சத்தமாச் சொல்லு."

அமுதவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "களைக்கொட்ட அடியில வுட்டு நெம்புங்கக்கா. இழுக்காதீங்க. மண்ணோட அப்படியே தூக்குங்க. தட்டக் கூடாது. அலசக் கூடாது."

"சரி."

குள்ளம்மாள் ஒரு களைக்கொட்டை வாங்கி நெம்பினாள். ஒரு கை நாற்று, அடியில் அத்தனை மண்ணோடும் எழும்பி வந்தது. நிமிர்ந்தவளின் வலது குதிகால், இத்தனை வருஷப் பழக்கத்தில், தட்டுவதற்காகத் தானாக மேலே தூக்கிக்கொண்டது. வரப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலாக "ஏய்!" என்று கத்தினார்கள்.

குள்ளம்மாள் ஒற்றைக் காலில் அப்படியே நின்றாள். தூக்கிய காலைப் பார்த்தாள், கையிலிருந்த நாற்றைப் பார்த்தாள். பிறகு காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பச்சைப் பிள்ளையைக் கைமாற்றுவதுபோல நாற்றை இரண்டு கையிலும் ஏந்தி அமுதவல்லியின் கூடையில் வைத்தாள்.